ஒரு கோணி காஞ்ச கரி

அது பஸ்தான். ஆனால் பின்புறத்தில் ஆளுயர இரும்புத் தொட்டியைக் கட்டிக்கொண்டு அது நிற்பதைத் தூரத்திலிருந்து பார்த்தால், கல்யாண வீட்டு அண்டாவைத் திருடிக்கொண்டு ஓடப் பார்க்கிற சமையற்காரன் மாதிரி இருக்கும். யுத்தம் வந்து பெட்ரோலுக்குக் கூப்பன் வைத்துவிட்டார்கள். அதனால் பஸ்களெல்லாம் கரி தின்னப் பழகின. விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் ஓடிய இந்தக் கரிவண்டிக்குத் தேவசகாயம் டிரைவர்.

ஓட்டுவது சுலபம். கிளப்புவதுதான் பெரும்பாடு. முதலில் தொட்டி நிறையக் கரித்துண்டுகளைக் கொட்டவேண்டும். எல்லாம் எலுமிச்சங்காய் அளவில் இருக்கவேண்டும். பெரிதாக இருந்தால் நடுவில் சந்து விழும், தூளாக இருந்தால் மூச்சு அடைக்கும். தொட்டியின் அடியில் ஒரு துவாரம். அதில் எண்ணெய்த் துணியைக் கொளுத்தி நுழைத்துவிட்டு, பக்கத்திலிருக்கும் ஊதுசக்கரத்தைக் கையால் சுற்றவேண்டும். சுற்றிக்கொண்டே இருக்கவேண்டும். தோள் கழன்று விழும்போல் ஆனதும் குழாய் வாயில் நெருப்புக்குச்சியைக் காட்டிப் பார்ப்பார்கள். நீலமாக நின்று எரிந்தால் வாயு தயார். மஞ்சளாக நெளிந்து அணைந்தால் மறுபடியும் சுற்று. பிறகு முன்பக்கம் ஹாண்டிலைச் செருகி, இன்ஜினுக்குக் கொஞ்சம் பெட்ரோலை மோந்துபார்க்கக் கொடுத்து, அது ஏமாந்து தும்மும் நேரம் பார்த்துக் கரிவாயுவைத் திருப்பிவிட வேண்டும். சில நாள் ஏமாறும். சில நாள் ஏமாறாது.

கிளம்பிவிட்டால் மட்டும் பறந்துவிடுமா? பெட்ரோல் குடித்த இன்ஜின் விருந்து சாப்பிட்டவன் போல் ஓடும். கரிவாயு குடித்த இன்ஜின் நீர்த்த கஞ்சி குடித்தவன் போல்தான். பலம் பாதிக்குப் பாதி. மேடு வந்தால் பிரயாணிகள் தாங்களாகவே இறங்கிவிடுவார்கள். டிக்கெட் வாங்கியும் தள்ளுகிறோமே என்று யாரும் கேட்பதில்லை. ஊரே பழகிவிட்டது.

தேவசகாயம் வளவனூர் நெல் மிஷினில் ஆயில் இன்ஜின் ஓட்டிக்கொண்டிருந்தவன். அப்பா அம்மா சின்ன வயதிலேயே போய்விட, அத்தை சவுரியம்மாள் நாற்று நட்டு, களை பறித்து வளர்த்தாள். பஸ் டிரைவர்கள் பாதிப் பேர் மிலிட்டரியில் சேர்ந்து லாரி ஓட்டப் போய்விட்டதால், ஸ்டியரிங்கைப் பிடிக்கத் தெரிந்தவனுக்கெல்லாம் கிராக்கி வந்தது. அப்படித்தான் இவனுக்கு வேலை கிடைத்தது. இவன் ஸ்டியரிங்கைப் பிடித்த நேரத்தைவிட ஊதுசக்கரத்தைப் பிடித்த நேரம்தான் அதிகம்.

அதில் ஒரு நன்மை விளைந்தது. திண்டிவனம் பஸ் நிற்கும் இடத்தில் அம்சவள்ளி என்கிற பெண் அவித்த மல்லாட்டை, அதுதான் வேர்க்கடலை, விற்றாள். வண்டி சட்டென்று கிளம்பியிருந்தால் அவள் யாரோ, இவன் யாரோ. கிளம்பாததால் பேச்சு வளர்ந்தது.

"இன்னா டைவரே, மாவு அரைக்கிறியா?" என்பாள் அவள், இவன் சக்கரம் சுற்றுவதைப் பார்த்து.

"ஆமா. நீ வந்து தோசை ஊத்து."

அவ்வளவுதான் ஆரம்பம். நாளடைவில், நீலமாக நின்று எரிகிற தீயை வைத்துக்கொண்டே, "இன்னும் வாயு வரலைங்க" என்று பிரயாணிகளிடம் பொய் சொல்லிச் சக்கரம் சுற்றுகிற அளவுக்கு விஷயம் முற்றிவிட்டது. கண்டக்டர் கோதண்டபாணி இதைக் கண்டுபிடித்து, "அண்ணே, ஒண்ணு கல்யாணம் பண்ணிக்கோ, இல்ல வண்டியக் கிளப்பு" என்றான்.

அம்சவள்ளியின் அப்பா ராயப்பன் ரயில்வேயில் தண்டவாளம் பார்க்கிறவர். உலகத்தில் சக்கரம் வைத்தது எல்லாம் ரயிலுக்குக் கீழே என்று நினைக்கிறவர். "கரிச்சட்டி ஓட்றவனுக்கா பொண்ணு?" என்று ஆரம்பித்தார். அவருக்கு அக்கா மகன் ஒருவன் இருந்தான். அரக்கோணத்தில் ரயில் இன்ஜினுக்கு நெருப்புப் போடுகிற வேலை. அதுவும் கரிதானே என்று அம்சவள்ளி கேட்டாள். அது கம்பெனிக் கரி என்றார் ராயப்பன். கடைசியில் மகள் மூன்று நாள் பேசாமலும் ஒரு நாள் பேசியும் அவரை வழிக்குக் கொண்டுவந்தாள். மாதா கோயிலில் மூன்று ஞாயிறும் கல்யாண ஓலை வாசித்து அறிவித்தாயிற்று. செவ்வாய்க்கிழமை காலைப் பூசையில் தாலி. மறுநாள் விபூதிப் புதன், நாற்பது நாள் தபசுகாலம் தொடக்கம். அதற்கப்புறம் பாஸ்கு என்கிற ஈஸ்டர் வரைக்கும் கோயிலில் கல்யாணம் கிடையாது.

"பாத்துக்க மாப்பிள்ளை" என்றார் ராயப்பன். "செவ்வாக்கெழம பூசைக்கு வந்து சேந்தா பொண்ணு உனக்கு. உன் வண்டி வழியில படுத்துக்கிச்சின்னு வெச்சிக்க, பாஸ்குவுக்குள்ள என் அக்கா மவன் ரஜா போட்டு வந்துடுவான். அப்புறம் என்னைக் கொற சொல்லாத."

"அப்போ ரயில்லயே வந்துடேன்" என்றாள் அம்சவள்ளி, தனியாக.

"காலைப் பாசஞ்சரை நிறுத்திட்டு மிலிட்டரி ஸ்பெஷல் விடறானுங்க. உங்கப்பனுக்கே தெரியாது எது எப்ப வரும்னு. நான் என் வண்டியிலதான் வருவேன். அலங்காரம் பண்ணிக்கினு வருவேன். பாரு."

பஸ் முதலாளி நல்ல மனிதர். "வண்டி எடுத்துக்கோ, தொட்டியில இருக்கிற கரியும் எடுத்துக்கோ. மேல வேணும்னா உன் பாடு" என்றார். தொட்டிக் கரி எப்படியும் முக்கால் வழிக்கு மேல் வரும். மீதிக்கு ஒரு கோணி இருந்தால் போதும். திங்கட்கிழமை விக்கிரவாண்டியில் வண்டியோடு மல்லுக்கட்டிக் கொண்டிருந்த தேவசகாயம், கோதண்டபாணியை முன்னால் விழுப்புரத்துக்கு அனுப்பி அத்தையிடம் சொல்லச் சொன்னான்.

கோதண்டபாணி ஒரு வார்த்தை விடாமல் சொன்னான். "அத்தை, அண்ணன் ஒரு கோணி கரி எடுத்து வெக்கச் சொல்லிச்சி. நல்லா காஞ்சதா இருக்கணுமாம். ஈரமே ஆகாதாம். எலுமிச்சங்காய் அளவுக்குத் துண்டு துண்டா இருக்கணும். மண்ணு ஒட்டியிருக்கக் கூடாது. நாளைக்கி பத்தலைன்னா போடறதுக்கு."

கரிக்கும் கறிக்கும் எழுத்தில்தான் வித்தியாசம். அந்தப் பக்கத்து வாயில் இரண்டும் ஒன்றுதான். மற்ற நாளாயிருந்தால் சவுரியம்மாள் சரியாகப் புரிந்துகொண்டிருப்பாள். ஆனால் நாளைக்குக் கல்யாணம், நாளன்றைக்குத் தபசு. கல்யாண வீட்டில் நிற்கிற பெண்பிள்ளையிடம் வந்து "காஞ்ச கறி, துண்டு துண்டா, பத்தலைன்னா போடறதுக்கு" என்றால் அவள் வேறு எதை நினைப்பாள்? அவள் உப்புக்கண்டத்தை நினைத்தாள்.

"ஒரு கோணியா!" என்று மட்டும் மலைத்தாள். பிறகு முந்தானையைச் செருகிக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டாள். உப்பும் மஞ்சளும் போட்டுக் காயவைத்த கறி எல்லா வீட்டுக் கூரையிலும் கொஞ்சம் தொங்கிக்கொண்டிருந்தது. நாற்பது நாளைக்கு அதைத் தொட முடியாது, வெயில் காலத்தில் புழு வைக்கும். ஆகவே, "சகாயம் வாய்விட்டுக் கேட்டுட்டான்" என்று இவள் சொன்னதும் ஆளாளுக்குக் கொண்டுவந்து கொட்டினார்கள். பொழுது சாய்வதற்குள் கோணி முக்கால் நிரம்பிவிட்டது. சணல் போட்டு வாயைத் தைத்து, இருட்டிய பிறகு வந்து சேர்ந்த பஸ் கூரைமேல் அவளே நின்று ஏற்ற வைத்தாள்.

செவ்வாய்க்கிழமை விடியலில் தேவசகாயம் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வண்டியைக் கிளப்ப வந்தான். வெறும் வயிறு. பூசையில் நன்மை என்கிற அப்பம் வாங்கப் போகிறவன் முந்தின இராத்திரியிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் இருக்கவேண்டும். வண்டியைத் தென்னங்குருத்தாலும் காகிதப் பூவாலும் தெருவார் மூடியிருந்தார்கள். பார்க்க அப்படி ஒரு அழகு. ஆனால் சக்கரத்தைச் சுற்றினால் வாயு வரவில்லை. குச்சியைக் காட்டினால் மஞ்சளாக நெளிந்து அணைந்தது. மறுபடி சுற்றினான். கோதண்டபாணி சுற்றினான். மாமன் மச்சான்கள் வரிசையில் நின்று சுற்றினார்கள். தீ மட்டும் தொட்டிக்குள் கொழுந்துவிட்டு எரிந்தது, கரி சரசரவென்று இறங்கியது.

"அண்ணே, இங்க பாரு!" என்றான் கோதண்டபாணி, மேலே ஏறிப் பார்த்து. யாரோ தோரணக் கயிற்றைத் தொட்டி மூடிக்கு அடியில் மாட்டி இறுக்கியிருந்தார்கள். மூடி விரலளவு தூக்கிக்கொண்டு நின்றது. அந்தச் சந்தில் வெளிக்காற்று உள்ளே போனால் கரி அங்கேயே எரிந்து சாம்பலாகும், வாயுவாக மாறாது. கயிற்றை அறுத்து மூடியை அழுத்தியதும் தீ நீலமாக நின்றது. ஹாண்டிலைச் சுற்ற, வண்டி தும்மியது, இருமியது, உடம்பெல்லாம் ஆடியது, கிளம்பியது. ஜனம் 'ஓ'வென்று கத்தியது. கால்வாசிக் கரி விழுப்புரத்திலேயே போய்விட்டது என்று தேவசகாயத்துக்குத் தெரியும். கூரைமேல்தான் ஒரு கோணி இருக்கிறதே என்று நிம்மதியாக ஏறி உட்கார்ந்தான்.

வழியெல்லாம் கும்மாளம். உள்ளே இருந்த சொந்தக்காரர்களின் கனத்துக்கு வண்டி முனகியது. விக்கிரவாண்டி ஆற்று மேட்டில் எல்லாரும் இறங்கிப் பாட்டுப் பாடித் தள்ளினார்கள். ஒரே ஒரு விஷயம்தான் தேவசகாயத்துக்கு விளங்கவில்லை. விழுப்புரத்திலிருந்து நாய்கள் வண்டியைத் துரத்திக்கொண்டே வந்தன. ஓர் ஊர் நாய் விட்ட இடத்தில் அடுத்த ஊர் நாய் பிடித்துக்கொண்டது. கூரைமேல் காக்கைகள் வேறு ஓசிச் சவாரி செய்தன.

"கல்யாணம்னா நாய்க்குக்கூட சந்தோசம் போல" என்றான் கோதண்டபாணி.

கூட்டேரிப்பட்டுக்குக் கொஞ்சம் முன்னால் இன்ஜின் மூச்சு வாங்கியது. இரண்டு முறை விக்கியது. நின்றது. தொட்டியில் சாம்பல்தான் இருந்தது.

"ஒண்ணும் பேஜாரு இல்ல. பாணி, கோணியத் தள்ளு. ஜல்தி!"

கோணி கீழே விழுந்த சத்தமே சரியில்லை. கரி விழுந்தால் கலகலவென்று நொறுங்கும். இது தொப்பென்று விழுந்தது. தேவசகாயம் வாய்த் தையலைப் பிரித்துக் கையை விட்டான். வெளியே எடுத்தான். மோந்து பார்த்தான். உப்புக்கண்டம்.

"அத்தை! இன்னா இது?"

"நீ கேட்டதுதான் கண்ணு" என்றாள் சவுரியம்மாள் பெருமையாக. "ஈரம் இருக்கா பாரு. மண்ணு இருக்கா பாரு. எலுமிச்சங்காய் அளவு."

"நான் கேட்டது கரி!"

"கறிதான்டா!"

"கரி அத்தை, கரி!"

"நானும் அதத்தானே சொல்றேன், கறி!"

"ரெண்டு பேரும் ஒண்ணையே சொல்லிக்கினு எதுக்குச் சண்ட போடறீங்க?" என்றான் கோதண்டபாணி.

தேவசகாயம் தொட்டியைக் காலால் உதைத்துக் காட்டினான். "இதுல போடற கரி! எரியற கரி!"

சவுரியம்மாள் தொட்டியைப் பார்த்தாள், கோணியைப் பார்த்தாள், கோதண்டபாணியைப் பார்த்தாள். "அடப்பாவி! வண்டிக்குன்னு ஒரு வார்த்த சொல்லக் கூடாது?"

"நாளைக்கி பத்தலைன்னா போடறதுக்குன்னு சொன்னேனே அத்தை."

"பந்திக்குன்னு நெனச்சேன்டா!"

யார் முதலில் சிரித்தது என்று தெரியாது. பஸ் முழுக்கச் சிரித்தது. பெண்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து சிரித்தார்கள். தேவசகாயம் சிரிக்கவில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. உச்சிக்கு மேல் சாமியார் பூசை வைக்க மாட்டார். அரக்கோணத்து மாப்பிள்ளை ரயிலிலிருந்து இறங்கி மீசையை முறுக்குவது அவன் கண்ணுக்கு முன்னால் தெரிந்தது.

கூட்டேரிப்பட்டில் முருகையனின் கொல்லுப் பட்டறை இருக்கிறது என்று யாரோ சொன்னார்கள். பட்டறை என்றால் கரி இருக்கும். வண்டியைத் தள்ளிக்கொண்டே போனார்கள், கோணியை ஒருவன் தோளில் தூக்கி வந்தான், நாய்களும் வந்தன. முருகையன் உலைக்கு முன்னால் கலப்பைக் கொழுவைத் தட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு குவியல் கரி.

"கரியா? சுத்தியல வோணும்னா கேளு, தர்றேன்" என்றார். "யுத்தத்துல கரி எங்க கெடைக்குது? மாட்டவே மாட்டேன்."

உள்ளே இருந்து அவர் மனைவி முனியம்மாள் மூக்கை முன்னால் விட்டுக்கொண்டு வந்தாள். "இன்னாது அது, உப்புக்கண்டமா?"

"இல்ல!" என்று சவுரியம்மாள் கோணிமேல் உட்கார்ந்துவிட்டாள். "இது பந்திக்கு. ஒரு தெருவே குடுத்தது. உயிர் போனாலும் தர மாட்டேன்."

"அத்தை, பந்தி வோணுமா, பொண்ணு வோணுமா?"

"ரெண்டும் வோணும்."

"கூடைக்குக் கூடை குடுங்கம்மா" என்றாள் முனியம்மாள். "கறி பாத்து ஆறு மாசம் ஆவுது. இவரு இரும்பத்தான் தட்டறாரு, சோத்துக்கு அதையா கடிக்கிறது?"

"நீ இன்னாடி பேசற?" என்றார் முருகையன். ஆனால் அவர் மூக்கும் வேலை செய்துகொண்டிருந்தது. சுத்தியல் தானாகவே கீழே வந்துவிட்டது.

"கூடைக்குக் கூடையா! ஒரு கூடைக் கறிக்கு மூணு கூடைக் கரி" என்றாள் சவுரியம்மாள். இப்போது அவள் இரண்டையும் மிகவும் தெளிவாகப் பிரித்து உச்சரித்தாள். இழுத்துப் பறித்து ஒன்றுக்கு இரண்டில் முடிந்தது. சவுரியம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நாய்களுக்கு ஆளுக்கொரு துண்டு எறிந்துவிட்டு, கோணியின் அடியில் பந்திக்கென்று கொஞ்சம் மறைத்தும்விட்டாள்.

ஆனால் பட்டறைக்காரர்கள் உலையில் தீ பரவாமல் அடங்கி எரிவதற்காகக் கரிமேல் தண்ணீர் தெளித்து வைப்பார்கள். அவசரத்தில் அது யாருக்கும் ஞாபகம் வரவில்லை. தொட்டியில் கொட்டிச் சுற்றியபோது குழாயில் வந்தது பாதி வாயு, பாதி நீராவி. குச்சி 'உஸ்'என்று அணைந்தது. சுற்றிச் சுற்றித் தேவசகாயத்தின் வெள்ளை வேட்டி கறுத்தது, முகம் கறுத்தது. ஹாண்டிலைப் போட்டு அவன் துள்ளத் துள்ள, இன்ஜின் ஒருவழியாக, தூக்கத்தில் பேசுகிறவன் மாதிரி முணுமுணுத்துக்கொண்டு கிளம்பியது.

கிளம்பியதுதான் மிச்சம். ஈரக் கரியின் வாயுவில் எரிகிற சத்து இல்லை. ஆக்ஸிலேட்டரை எவ்வளவு மிதித்தாலும் வண்டி வேகம் எடுக்கவில்லை. புல்லுக்கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்த ஒருத்தி வண்டியை முந்தினாள். முந்தும்போது, "நான் வேணா கூட்டிக்கினு போவட்டா?" என்று கேட்டாள். தேவசகாயத்துக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. கடைசியில் ஒரு சின்ன மேட்டின் நடுவில் வண்டி நின்றேவிட்டது. திண்டிவனம் இன்னும் கண்ணில் தெரியவில்லை.

தெரிந்தது ஒரு சைக்கிள். எதிரே, அங்கியை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு, தாடி காற்றில் பறக்க, திண்டிவனத்துச் சாமியார் மிதித்துக்கொண்டு வந்தார். அவருக்குப் பின்னால் ஒரு மாட்டுவண்டி தலைதெறிக்க ஓடிவந்தது. அதில் நின்றுகொண்டு ராயப்பன், "சாமி, மாப்பிள்ளை வராட்டிப் போவட்டும், வுடுங்க சாமி!" என்று கத்தினார். பட்டுப்புடவையில் உட்கார்ந்திருந்த அம்சவள்ளி, "நிக்காதீங்க சாமி, ஓட்டுங்க! எதிர்ல வந்துக்கினு இருப்பாரு!" என்று கத்தினாள்.

சாமியார் பிரேக் பிடித்தார். "இந்தக் கரி மூட்டைதான் மாப்பிள்ளையா?"

"நான்தான் சாமி" என்றான் தேவசகாயம்.

"காத்திருந்து காத்திருந்து பார்த்துவிட்டேன். எனக்கு இன்றைக்கு ஒரே பூசை. அந்தப் பனந்தோப்புக்குப் பின்னால் இருக்கிற சின்னக் கோயிலில் ஜனங்கள் காத்திருக்கிறார்கள். அதுவும் என் பங்குக் கோயில்தான். உச்சிக்குள் அங்கே வந்து சேர்ந்தால் தாலி கட்டலாம். வண்டியில் வராதே. ஓடி வா."

சைக்கிள் வரப்பில் இறங்கியது. அதன் பின்னால் மாப்பிள்ளை ஓடினான். மாப்பிள்ளைக்குப் பின்னால் மாமன்கள், மச்சான்கள், கோணியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அத்தை, மாலைகளைக் கழுத்தில் போட்டுக்கொண்டு கோதண்டபாணி. மாட்டுவண்டி வரப்பில் போகாது என்றதும், அம்சவள்ளி புடவையை அள்ளிக்கொண்டு குதித்தாள்.

"அம்சா, நில்லு! கல்யாணப் பொண்ணு ஓடக் கூடாது!" என்று ராயப்பன் கத்தினார். அவள் எல்லாரையும் தாண்டிப் போய்விட்டாள். வேறு வழியில்லாமல் அவரும் ஓடினார்.

ஓலை வேய்ந்த அந்தச் சின்னக் கோயிலில் கால் வைக்க இடமில்லை. மூச்சிரைக்கிற சத்தத்தில் சாமியார் சொன்ன லத்தீன் யாருக்கும் கேட்கவில்லை. மாப்பிள்ளையையும் பெண்ணையும் முன்னால் நிறுத்தினார். உச்சி நெருங்கி, வெயில் வாசல்படியைவிட்டு விலகிக்கொண்டிருந்தது.

"தேவசகாயம், அம்சவள்ளியை உன் மனைவியாக ஏற்றுக்கொள்ளச் சம்மதமா?"

தேவசகாயம் வாயைத் திறந்தான். ஓடிய ஓட்டம், காய்ந்த வயிறு, தொண்டை நிறையக் கரித்தூள். வெறும் காற்றுதான் வந்தது. மறுபடி திறந்தான். 'ஹ்ஹ்' என்று ஒரு சத்தம் வந்து அணைந்தது.

பின்வரிசையில் ராயப்பன் நிமிர்ந்து பார்த்தார்.

"சம்மதமா?" என்றார் சாமியார், வாசலை ஒரு பார்வை பார்த்துவிட்டு.

'ஹ்ஹ்... ஹ்ஹ்...'

அம்சவள்ளி தலையைக் குனிந்தபடியே, அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "ஹாண்டில் போடட்டுமா டைவரே?" என்றாள்.

"சம்மதம்!"

கூரையிலிருந்த குருவிகள் பறந்தன. சாமியார் ஒரு அடி பின்னால் போனார். அம்சவள்ளி தன் சம்மதத்தைச் சொல்ல முடியாமல் சிரித்தாள், சிரிப்புக்கு நடுவிலேயே சொன்னாள். தாலி கட்டும்போது தேவசகாயத்தின் விரல்கள் அவள் பட்டுப்புடவைத் தோளில் கறுப்பாகப் பதிந்துவிட்டன. சவுரியம்மாள் துடைக்க வந்தாள். அம்சவள்ளி தோளை நகர்த்திக்கொண்டாள்.